அத்தாவின் பேரில் வளர்த்த ஆடு

1982, பக்ரீத் இரவு.

அண்ணனை இனி எப்படி நம்புவது என்று தெரியவில்லை.

எட்டு மாதமாக அந்த ஆட்டை நான்தான் வளர்த்தேன். பெரிய மார்க்கெட்டில் கழித்துப்போடும் கோசு இலைகளைப் பொறுக்கி வந்து போட்டேன். எங்களைப் பெற்ற அத்தா போன வருடம் மௌத்தாகி அடக்கமானார். அவர் பேரில் அறுத்துக் குர்பானி கொடுக்கலாம் என்று சொல்லித்தான் அண்ணன் அதை வாங்கி வந்தான்.

காலையில் பெருநாள் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தார். கத்தியை எடுத்துக்கொண்டு, "யாரு பேருல?" என்று கேட்டார். அண்ணன் தன் மாமனார் பேரைச் சொன்னான். வாசலில் நின்ற என் காதிலும் அது விழுந்தது.

கறியை மூன்று பங்காகப் பிரிக்கும்போது ஏன் என்று கேட்டேன்.

"அவருதான் என்னை பிரான்சுக்கு அழைச்சிக்கப் போறாரு. அவரு மனசு குளிரட்டுமேன்னு சொன்னேன். அடுத்த வருஷம் அத்தா பேருல குடுத்துடலாம்."

"அடுத்த வருஷம் நீ இங்க இருப்பியா?"

அண்ணன் ஏழைகளின் பங்கைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான்.

மதியம், படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்குச் சோறு ஊட்டினேன். "அத்தா பேரைத் தெளிவா சொன்னாங்களாடி?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்து என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

"சொன்னாங்கம்மா."

அம்மா கைகளை ஏந்தி, இப்படி ஒரு பிள்ளையைக் கொடுத்ததற்காக அல்லாவுக்கு நன்றி சொன்னாள். அண்ணன் நீடூழி வாழ வேண்டும் என்று துஆ கேட்டாள்.

நானும் ஆமீன் சொன்னேன்.