ஆறு மணித் தெரு

பாப்பா அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். ரோட்டைப் படம் எடுக்கிறேன் என்று பின்னால் நகர்ந்ததில் ஒரு ஸ்கூட்டர் லேசாக இடித்துவிட்டது. காலில் மாவுக்கட்டு, பயப்படாதே. இப்போது மாடி ஜன்னல் வழியாக எடுக்கிறேன். சாயங்காலம் சிக்னலில் பச்சை விழுந்ததும் எல்லோரும் வீட்டில் யாரோ காத்திருப்பதுபோல் பறக்கிறார்கள். அறையில் கூட இருக்கும் வெல்டர் படங்களைப் பார்த்து, "ஓடுற வண்டியெல்லாம் கலங்கிப்போச்சு. கண்ணாடியில தெரியிற உன் மூஞ்சி மட்டும் தெளிவா விழுந்திருக்குய்யா" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

கடிதத்தைத் தபாலில் போட அவர் கிளம்பி நிற்கிறார். ஒன்றே ஒன்று: ஆறு மணிக்கு நம் வாசலில் நின்று தெருவை ஒரு படம் எடுத்து அனுப்பு. நான் பைக் நிறுத்தும் இடமும் தெரியட்டும். அங்கே வேறு யாராவது வண்டியை நிறுத்தியிருந்தால் மட்டும் எடுக்காதே.