கடைசியாகத் திறந்த நேரம்

ஜூன் 14, 2024 – வெள்ளி

செவிலியர் கல்லூரியில் எங்கள் அறக்கட்டளைக்குப் பன்னிரண்டு இடங்கள். விண்ணப்பங்கள் நாற்பத்து நான்கு. தேர்வுக்குழு பத்து மணிக்குக் கூடியது. பதினொன்றே காலுக்குப் பட்டியல் என் மேசைக்கு வந்துவிட்டது. மற்ற முப்பத்திரண்டு பேருக்கும் ‘தங்கள் விண்ணப்பம் முழுமையாகப் பரிசீலிக்கப்பட்டது’ என்று நானே தட்டச்சு செய்தேன். அவர்களில் ஒருத்தி எங்கள் மண்டபம் அகதி முகாமின் நிசாந்தினி. என்ன குறை கண்டார்களென்று அறிய, அவளுடைய கோப்பைக் கணினியில் திறந்தேன். ஒரு குறையும் இல்லை.

ஜூன் 16

முகாம் குழாயடியில் அவள் தாய் இராஜேஸ்வரி: “அண்ணை, என்ர பிள்ளை எழுதினதை உண்மையா ஆரும் வாசிச்சவையோ? இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் அழமாட்டன்.”

எனக்குத் தெரியாது. ஆனால், கண்டுபிடிக்கத் தெரியும்.

ஜூன் 17

எக்செல்லில் ஒரு மேக்ரோ, அதாவது தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு, எழுதினேன். பத்தொன்பது வரிகள். அது எந்தக் கோப்பையும் திறப்பதில்லை. கடைசியாகத் திறந்த நேரத்தை மட்டும் கேட்டு வந்து, கட்டங்களில் நிரப்புகிறது. இந்தக் கணினியில் அந்த நேரம் பதிவாகிறதா என்பதை முன்னதாக வெற்றுக் கோப்பொன்றில் சோதித்தேன். பதிவாகிறது.

முப்பத்தொரு கோப்புகள் ஸ்கேன் செய்யப்பட்ட ஜூன் 3-க்குப் பின் திறக்கப்படவே இல்லை. திறந்தவை பதின்மூன்று: தேர்வான பன்னிரண்டும் நிசாந்தினியுடையதும்.

அவளுடையதை 14-ஆம் தேதி திறந்தது நான்; பழைய நேரத்தின் மேல் புதியது ஏறிவிட்டது. ஏன் திறந்தனான்? யாரை அவர்கள் புறக்கணித்ததை நிரூபிக்க விரும்பினேனோ, அவளுடைய சான்றை மட்டும் நானே அழித்துவிட்டேன்.

ஒரு கட்டத்தில் 14-ஐ 3 ஆக்கினால் போதும். எவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்தவன் நான். அவர்கள் செய்ததை நானும் செய்வதா? மாற்றவில்லை.

ஜூன் 19

அந்தக் கட்டங்களை அச்சிட்ட தாளைக் குழுவின் முன் வைத்தேன். தலைவர் நாகநாதன் சிரித்தார். “நம்ம டைப்பிஸ்ட்டு துப்பறிய ஆரம்பிச்சுட்டாருப்பா.”

பெரியபட்டினத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சித்தி ஜுனைதா மட்டும் சிரிக்கவில்லை. “நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன், தலைவரே. மறுமையில யாரு பதில் சொல்றது? பட்டியல நிறுத்தி வைங்க. இந்த முப்பத்தொண்ணையும் படிச்சே ஆகணும்.”

முப்பத்தொன்று. நிசாந்தினி அதில் இல்லை.

“முப்பத்திரண்டு, அம்மா” என்றேன்.

“இந்தப் பிள்ளை ஃபைலு கமிட்டி அன்னைக்கே தொறந்திருக்குன்னு நீருதானய்யா காட்டுறீரு?” என்றார் நாகநாதன், தாளில் நிசாந்தினியின் வரியைத் தொட்டு.

“அதைத் திறந்தது நான்.”

“பணியாளர் தொறக்கக் கூடாதுன்னு விதி இருக்குல்ல?”

“இருக்குது ஐயா. எழுதியே தாறன்.”

அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 20

வேலை போயிற்று. பதினோராண்டுப் பணிக்கு இரண்டு வரிக் கடிதம். அதில் ஓர் எழுத்துப்பிழை. திருத்திவிட்டுப் பெற்றுக்கொண்டேன்.

ஜூன் 24

குழுவிடமிருந்து ஒன்றுமில்லை.

ஜூலை 5 – வெள்ளி

முப்பத்திரண்டு கோப்புகளையும் வாசித்தபின் குழு வைத்த நேர்காணல் முடிந்து, நிசாந்தினி பேருந்திலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். “மாமா, விண்ணப்பத்தோட ரெண்டாம் பக்கத்துல நான் எழுதுனது தப்புன்னு அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா சொன்னாங்க. தப்பில்லன்னு நானும் விடல. மூணாவது வரியில இருந்து திரும்பப் படிக்க ஆரம்பிச்சாங்க.”

முடிவு திங்களன்று. இருவரும் வாதாடியதை அவள் நின்றபடியே நடித்துக் காட்டினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன்.