உறவு என்ற கட்டத்தில் நான் எழுதியது

போன இடத்திலும் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் என் ராணி அக்காவுக்கு,

கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது. கடை மேசை டிராயரில், ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரத்தில் நீ மறந்துவிட்டுப் போனாய். திரும்பி வந்ததும் கேட்பாய், கொஞ்ச நேரம் தேடவிட்டுக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன். நீ வரவில்லை.

உயிரோடு இருந்தவரை உன்னை ‘வாங்க, உட்காருங்க’ என்றுதான் சொன்னேன். இப்போது ‘நீ’ என்றுதான் கை எழுதுகிறது. கோபித்துக்கொள்ளாதே. ‘நீங்க’ என்று எழுதினால் நீ எங்கோ தள்ளி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

இதை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம் உண்டு. குடவாசல் கடைத்தெருவில் இன்னமும் ‘மும்தாஜ் ஜெராக்ஸ் கடைக்குப் போ, எந்த ஃபாரமா இருந்தாலும் அந்தம்மா நிரப்பிக் குடுக்கும்’ என்று பேர் இருக்கிறது. உன் சாவுக்கு வந்தவர்கள்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு செஞ்சீங்க’ என்றார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் செய்தது என்னவென்று உனக்கும் எனக்கும் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும்.

நீ முதல்முதலாகக் கடைக்கு வந்தது போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டிய காகிதங்களுக்கு ஜெராக்ஸ் எடுக்க. இலங்கையிலிருந்து படகில் வந்து, முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஸ்டேஷனில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைத்துவிட்டு அப்படியே வந்திருந்தாய், தலையெல்லாம் உமித்தூசி. கூட விஜி. அப்போது அவள் இரட்டைச் சடை போட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மூத்தவன் தயாளன் அதற்குள் மலேசியா போய்விட்டிருந்தான்.

அந்தத் தயாளன் அங்கே ஓட்டலில் பாத்திரம் கழுவி, அகதி அட்டை வாங்கி, எத்தனையோ வருஷம் காத்திருந்து அமெரிக்கா போய் இறங்கியபோது, விமான நிலையத்தில் அவன் பேர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா நின்றாள். மிரியம். யூதர்கள் நடத்தும் ஒரு தொண்டு நிலையத்தில் வேலை. அவர்களுடைய பாட்டன் பூட்டன் உயிர் தப்பி வந்து இறங்கிய காலத்தில், தங்கள் ஆட்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கத் தொடங்கிய நிலையமாம். இப்போது யார் ஓடி வந்தாலும் வா என்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கும் அதே வாசல்தான். தனியாகக் கிடக்கும் பெரியவர்களுக்குச் சாப்பாடு, இல்லாதவர்களுக்கு மளிகை.

தயாளனே ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒரு தாத்தா இவன் முகத்தைப் பார்த்தால்தான் மாத்திரை போடுவாராம். அதைக் கேட்டு நீ சொன்னாய்: “பாத்தியளோ தங்கச்சி, என்ர பிள்ளை அங்கயும் ஒரு வீட்டுக்குப் பிள்ளையாத்தான் இருக்கிறான்.”

அந்த நிலையம் வழியாகத் தயாளன் உன்னை அழைத்துக்கொள்ளப் போகிறான் என்றதும் என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து போனில் கேட்டார். “யாரு நடத்துறாங்கன்னு சொன்னே?” சொன்னேன். அப்புறம், “பெத்தவளும் புள்ளையும் சேரணும், அவ்வளவுதானே. ஃபாரத்தை ஒழுங்கா நிரப்பு” என்றார். அவர் சொன்ன எத்தனையோ பேச்சைக் கேட்டிருக்கிறேன். அதை மட்டும் கேட்கவில்லை.

நம்முடைய வெள்ளிக்கிழமைகள் ஞாபகம் இருக்கிறதா? மத்தியானம் ஜும்மா தொழுகை என்று நான் கடையைச் சாத்துவேன். நீ அம்மன் கோயிலுக்கு விளக்குப் போடப் போவாய். பொழுது சாய்ந்தால் அங்கே மிரியமும் கம்ப்யூட்டரை மூடிவிடுவாள், சனிக்கிழமை முழுக்க அவர்களுக்கு வேலை ஆகாது. “மூண்டு பேருக்கும் சாமி ஒரே நாளில லீவு குடுத்திட்டுது, பிறகு கேஸ் எப்பிடி நகரும்?” என்று சிரிப்பாய்.

அந்த ஃபாரம் வந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். தயாளன் தாயையும் வீட்டில் இருப்பவர்களையும் தன்னிடம் அழைத்துக்கொள்ள அந்த நிலையம் மூலமாகப் போடும் விண்ணப்பம். கூட வருபவர் பெயர், வயது, உறவு. ‘உறவு’ என்ற கட்டத்துக்கு வந்ததும் நீ தயங்கினாய். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாய்: “தங்கச்சி, விஜி என்ர வயித்துப் பிள்ளை இல்லை. அக்கான்ர பிள்ளை. அக்காவும் அத்தானும் குண்டு விழுந்து ஒண்டாப் போயிட்டினம். இவளுக்கு அப்ப ஆறு மாசம்.”

மண்டபம் முகாமில் வந்து இறங்கியபோது தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று சொன்னால் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள் என்று படகில் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். நீ ‘என் மகள்’ என்று பதிந்துவிட்டாய். உன்னோடு வந்தவர்களில் அப்படிப் பதிந்தவள் நீ ஒருத்தி மட்டும் இல்லை. வீட்டுக்குள் அதில் ஒளிவு மறைவும் கிடையாது. விஜிக்கு எல்லாம் தெரியும். பெற்றவளின் படத்துக்கு விளக்கேற்றி, ‘பெரியம்மா’ என்று கும்பிடுகிற பிள்ளை அவள். காகிதத்தில் மட்டும்தான் ஒளித்து வைத்திருந்தாய்.

“இதையும் எழுத வேணுமோ?” என்று கேட்டாய். கேட்டாய் அக்கா, நீ கேட்டாய். நான் என்ன சொன்னேன்? “அட போங்கக்கா. கூடப்பொறந்தவ புள்ள உங்க புள்ள இல்லாம, அடுத்த வீட்டுப் புள்ளையா? இந்த ஊரு காகிதத்துல எல்லாம் மகள்னுதானே இருக்கு? அப்படியே போட்டாத்தான் பொருந்தும். எழுதுறது நானு, நீங்க சும்மா இருங்க.” மகள் என்று எழுதினேன். பெற்ற மகளா என்று கேட்டிருந்த இடத்தில் ஆம் என்று டிக் அடித்தேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட மாதிரி உனக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.

தயாளனோ மலேசியாவில் அவன் அகதி மனுவை விசாரித்த அதிகாரி கேட்டபோதே உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தான். அம்மா ஒருத்தி, கூட வளரும் பெரியம்மா மகள் ஒருத்தி. அவன் வாக்கும் என் எழுத்தும் ஒரே ஃபைலில் போய் உட்கார்ந்தன. எது நிஜம் என்று கேட்டு ஃபைலை நிறுத்திவிட்டார்கள்.

மிரியம் வீடியோவில் வந்தாள். தயாளன் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னான். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “வளர்க்கும் பிள்ளை, தாய் தகப்பன் இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால், அப்படிப்பட்ட பிள்ளையைச் சேர்த்துக் கொண்டுவர வழி இருந்தது. இப்போது பொய் சொல்லவில்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டும்” என்றாள். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது, “விடுங்கோ தங்கச்சி, நீங்கள் நல்லதுக்குத்தானே எழுதினியள்” என்றாய். நான் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

நோட்டரியிடம் போய் உறுதிமொழிப் பத்திரம் எழுதினோம், ‘இவள் என் அக்காள் மகள், நான் வளர்த்தேன்’ என்று. அதை அனுப்பி, அவர்கள் படித்து, மறுபடி கேட்டு, மறுபடி அனுப்பி ஒரு வருஷம் போனது. அந்த வருஷக் கடைசியில் அகதிகள் வருவதையே அந்த நாடு நிறுத்திவிட்டது. கிட்டத்தட்ட யாருக்கும் வழி இல்லை. நம் ஃபைல் நின்ற இடத்திலேயே நின்றது.

நான் அந்தக் கட்டத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால், கதவு சாத்துவதற்கு முன் நீங்கள் இரண்டு பேரும் போயிருப்பீர்களா? தயாளன் வீட்டில் உட்கார்ந்து குளிருக்குப் போர்த்திக்கொண்டு என்னைப் போனில் வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பாயா? கடைசியில் உன்னைக் கொண்டுபோன சிறுநீரக நோயை அங்கே யாராவது நேரத்தோடு பார்த்திருப்பார்களா? யாரிடம் போய்க் கேட்பேன்?

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் உன் உடம்பை வாங்கும்போது கையெழுத்துப் போடச் சொன்னார்கள். “இறந்தவங்களுக்கு நீ என்னம்மா வேணும்?” என்று கேட்டார் அங்கே இருந்தவர். விஜி அழுகையை நிறுத்திவிட்டு, “மகள்” என்றாள். அப்படியே எழுதி வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

உன் சாம்பலைத் திருவையாற்றில் கரைத்தோம். ‘ஆத்தில விடுங்கோ, கடலுக்குப் போய் அங்கால என்ர ஊருக்குப் போயிடுவன்’ என்று சொல்லி வைத்திருந்தாய். பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார், இந்தத் தண்ணீர் கடலுக்கெல்லாம் போகாது, வழியிலேயே வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்து வயலுக்கு விட்டுவிடுவார்கள் என்று. அந்த மனுஷனுக்கு அப்போதுதான் அதைச் சொல்லத் தோன்றியது பார். விஜி காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை.

இப்போது இந்த வாரத்துச் செய்தி. மிரியமிடமிருந்து மெயில் வந்தது. அந்த நிலையத்தில் அகதிகளைப் பார்க்கும் பிரிவை மூடுகிறார்கள். பெரியவர்களுக்குச் சாப்பாடு தொடருமாம், அதற்கு மட்டும் ஆள் இருக்கிறது. மிரியமுக்கு இந்த வெள்ளிக்கிழமையோடு வேலை இல்லை. போவதற்கு முன் ஒவ்வொரு ஃபைலையும் முடிந்தவரை ஒழுங்கு செய்து ஒப்படைக்கிறாள். உனக்காகத் தன் கோயிலில் பிரார்த்தித்ததாக எழுதியிருந்தாள். கீழே ஒரு கேள்வி. பழைய ஃபாரத்தில் மகள், உறுதிமொழியில் அக்காள் மகள், மரணச் சான்றுக்காக ஆஸ்பத்திரியில் எழுதி, நான் அனுப்பியிருந்த காகிதத்தில் மறுபடி மகள். முடிவாக எது என்று எழுதி அனுப்பவும்.

அக்காள் மகள் என்று எழுதினால், அவன் அழைத்துக்கொள்ள இருந்த நீயே இல்லாத நிலையில், தயாளனுக்கு அவள் வெறும் பெரியம்மா மகள். அதற்கு அங்கே கட்டமே இல்லை, ஃபைல் மூடிவிடும். மகள் என்று சாதித்தால், தங்கை என்ற முறையில் என்றைக்கோ ஒரு நாள் ஒரு வழி பிறக்கலாம். ஆனால் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். அதில் பொய் என்று வந்தால் தயாளன் இருக்கிற இடத்துக்கும் ஆபத்து.

நான் விஜியைக் கடைக்குக் கூப்பிட்டேன். கும்பகோணத்தில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள், உனக்குத் தெரியும். படித்து முடித்து என்ன வேலைக்குப் போவாள், எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டில் எங்கே போவாள், இதெல்லாம் எனக்குத் தெரியாது. இரண்டு வழியையும் எடுத்துச் சொன்னேன். இந்த முறை இதை எழுது, அதை எழுது என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

மெயிலை இரண்டு தடவை படித்தாள். “அண்ணன் அங்கேயே இருக்கட்டும் மும்தாஜ்க்கா. அதுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. நான் சொல்றதை அப்படியே அடிங்க, ஒரு எழுத்து மாத்தக்கூடாது” என்றாள். அவள் தமிழில் சொன்னாள், நான் இங்கிலீஷில் அடித்தேன். “ராணி அம்மா என்னைப் பெறலை. பெத்தவங்க செத்துட்டாங்க. அவங்க வளர்த்தாங்க, நான் அவங்க மகள். ஆஸ்பத்திரியில நான் பொய் சொல்லலை. உங்க சட்டத்துல அதுக்கு இடம் இல்லேன்னா ஃபைலை மூடிடுங்க. மிரியம் அம்மாவுக்கு நன்றி.”

அனுப்பும் பட்டனை அமுக்க எனக்குக் கை வரவில்லை. அவளே அமுக்கினாள். அமுக்கிவிட்டு, “அம்மா கண்ணாடி இங்கதானே இருக்கு?” என்று கேட்டாள். டிராயரைத் திறந்து காட்டினேன். போட்டுப் பார்த்தாள், கண் கூசுகிறது என்று கழற்றி அதே இடத்தில் வைத்துவிட்டாள். “இங்கயே இருக்கட்டும். வீட்ல இருந்தா அம்மாவைத் தேடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று வெள்ளிக்கிழமை. கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதில் மதியத்துக்கு முன்பே வந்துவிட்டது. மிரியம் ஒரே வரிதான் எழுதியிருக்கிறாள்: ‘அவள் சொன்னதை அப்படியே ஃபைலில் வைத்து மூடிவிட்டேன்.’ தயாளனிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குத் தானே பேசுவதாக விஜி சொல்லியிருக்கிறாள்.

நல்லது நடக்கும் என்று உனக்கு எழுத ஆசைதான். எனக்கு அப்படித் தோன்றவில்லை, உன்னிடம் இன்னொரு பொய் எழுத மாட்டேன். அடுத்த மாதம் விஜி பதிவைப் புதுப்பிக்க ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், முதல்முறையாகத் தனியாக. தனியாக விடமாட்டேன். எத்தனை வருஷம் அவளை வரச் சொல்கிறார்களோ அத்தனை வருஷமும் கூடப் போய் நிற்பேன். அவள் சொல்வதை அவள் சொன்னபடி எழுதிக் கொடுப்பேன். இது உன் மேல் ஆணை, அக்கா.

எந்தக் காகிதத்திலும் இல்லாத உன் தங்கச்சி,
மும்தாஜ்