எறும்பு மருந்தில் வெண்ணெய்

கோபம் பாதியாவது தணிந்திருக்கும் என்ற நம்பிக்கையில், என் வீட்டுக்காரிக்கு உன் வீட்டுக்காரன் சொல்லச் சொல்ல எழுதப்படும் கடிதம். நான் சுகம். நீயும் மகளும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் என் குரல் கேட்டதும் மகள் கையில் கொடுத்துவிடுகிறாய். அதனால் கீழ்வீட்டுத் தையற்காரம்மாவைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியாத தைரியத்தில் அவள் சொந்தச் சரக்கும் சேர்க்கிறாள் போலிருக்கிறது. "சுகம்" என்று நான் சொன்னதற்குப் பேனா இரண்டு வரி ஓடியது.

முதலில் நல்ல சேதி. "இந்த வீட்டுல ஒரே ஒரு எறும்பு இருந்தாலும் திரும்பி வரமாட்டேன்" என்று பையைத் தூக்கினாயே, அன்று நீ உடுத்தியிருந்தது நீலப் பூப்போட்டது. இடது தோளில் ஒரு எறும்பும் கூடவே வந்தது. சொன்னால் அதற்கும் நான்தான் காரணம் என்பாய், பேசாமல் இருந்துவிட்டேன். அந்த எறும்பு உன்னோடு சரி. இப்போது வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. நீ வரலாம்.

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றேன். தையற்காரம்மா பேனாவை மூடிவிட்டாள். "அண்ணே, போர்வை விஷயத்தை நீங்க சொல்றீங்களா, இல்ல நானே அண்ணிக்கு எழுதிடவா?" என்கிறாள். ஆகவே மீதியையும் கேள்.

நீ போனதும் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்து, "பாகுல கலந்து வைங்க பெரியவரே. தின்னுட்டுப் போயி எல்லாருக்கும் ஊட்டும். குடும்பத்தோட காலி" என்றார். எறும்புக்கு இரண்டு வயிறாம். ஒன்று தனக்கு, இன்னொன்று வீட்டுக்கு. வீட்டு வயிற்றில் இருப்பதைக் கூட்டில் போய் வாயோடு வாய் வைத்துக் கொடுக்குமாம்.

பாகு காய்ச்சினேன். காலமெல்லாம் பேக்கரி அடுப்பில் நின்ற கை சும்மா இருக்குமா? கொஞ்சம் வெண்ணெய் போட்டேன். ஒரு சொட்டு வெனிலா. பொடி போடும் முன் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். அடடா! இதில் போய் அந்தக் கண்றாவியைக் கொட்ட மனசு வரவில்லை. என் கையால் செய்ததைத் தின்று முகம் சுளித்தவன் ஒருத்தன்தான், முதலாளி மகள் கல்யாணக் கேக்கில் உப்பு கூடிவிட்டது என்ற அந்தத் தடிக் கண்ணாடிக்காரன். அவனுக்கு நாக்கே கிடையாது. கடைசியில் கடைக்காரர் சொன்ன அளவை விட்டுவிட்டு, பேருக்கு ஒரு சிட்டிகை தூவி, கிண்ணத்தை அலமாரி ஓரம் வைத்தேன்.

சாவதாவது! வயிறு பளபளக்க ஊர்வலம் வந்தன. சில நாளில் வாயில் வெள்ளை வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு வந்தன. நம் அரிசியைத் திருடுகின்றன என்று நினைத்தேன். பூச்சிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிற மாடிவீட்டு வாத்தியார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "அரிசி இல்லீங்க, புள்ளைகுட்டி. இவ்வளவு நல்ல சாப்பாடு இங்க இருக்கறப்ப எதுக்கு நடக்கணும்னு வீட்டையே மாத்திக்கிட்டு வருதுங்க" என்றார்.

குடிவந்த இடம், கோபப்படாதே, அலமாரிக் கீழ்த்தட்டில் உன் கம்பளிப் போர்வை மடிப்பு.

போர்வையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வாத்தியார் மடிப்பை விலக்கி, பெரிதாக ஒன்றைக் காட்டினார். ராணியாம். அதிகாரம் எதுவும் செய்யாதாம், முட்டை மட்டும் போடுமாம். சுமந்து உழைக்கிறதெல்லாம் பெண்களாம். ஆண்களுக்கு றெக்கை முளைத்து, ஒருநாள் பறந்துவிட்டுச் செத்துப்போவார்களாம். இதைக் கேட்டு இங்கே ஒருத்தி பேனாவோடு சிரிக்கிறாள்.

ராணியை மட்டும் தூக்கி எறிந்துவிட்டால் மற்றதெல்லாம் ஓடிவிடுமா என்று கேட்டேன். "ஓடாதுங்க. பழையபடி போகும், வரும், தீனி கொண்டாரும். பாக்கறவங்களுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஓஞ்சு போயிடும்" என்றார். சொல்லிவிட்டு என் அடுப்படிப் பக்கம் பார்த்தார். ரொட்டி அடுக்கடுக்காக இருந்தது. இரண்டு பேருக்கு மாவு பிசைந்தே பழகிய கை, அளவைக் குறைக்க வரமாட்டேன் என்கிறது. நான் என்ன செய்ய?

உதற மனசு வரவில்லை. போர்வையை அப்படியே பின்சுவர் ஓரம் வைத்து, மழை படாமல் ஒரு தகரம் சாய்த்தேன். பாகுக் கிண்ணமும் அங்கேதான். ராணியோடு எல்லோரும் வெளியே இருக்கிறார்கள். வீட்டுக்குள் ஒன்றுகூடக் கிடையாது என்று தையற்காரம்மாவும் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறாள்.

போர்வைதான் இல்லை. குளிர் ஆரம்பித்துவிட்டது. கடையில் போய் நின்றால் எனக்கு எது கனம், எது சாயம் போகும் என்று தெரியாது. ஏமாற்றி விடுவார்கள். நீ வந்து தொட்டுப் பார்த்து எடுத்தால்தான் சரியாக இருக்கும். பெரியதாகவே எடுப்போம்.

வரும் வழியெல்லாம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கட்டிலில் பிஸ்கட் தின்பதை அடியோடு நிறுத்திவிட்ட
உன் வீட்டுக்காரன்