வளைவு கைத்தவறு அல்ல

கள்ளக்குறிச்சி
2-8-1987

அன்புள்ள ஏஞ்சலின்,

கடிதமும் படமும் வந்தன. நரம்புச் செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம் என்று நீ வரைந்த கோடு நடுவில் கோணியிருந்தது. அளவுகோல் வைத்து நேராக்கி அனுப்பியிருக்கிறேன். கான்வென்ட்டில் படித்தவள் மகள் வரைகிற படமா இது?

ஒரு செல்லில் இருக்கும் புரதம், அடுத்த செல்லில் தன்னைப் போன்ற புரதத்தைக் கண்டால்தான் பற்றிக்கொள்ளும் என்கிறாய். நுண்ணோக்கியில் தெரிந்தது, அந்தச் சாம் பையனைக் கட்டிக்கொள்ளும்போது தெரியவில்லையா? அவன் வீட்டாரும் கிறிஸ்தவர்கள்தாம். கல்லறையில் அவர்களுக்கு வேறு பக்கம்.

ஒருத்திக்காக இரண்டு வேளை உலை வைப்பதில்லை. காலையில் வடித்ததே இரவுக்கும்.

உன் அம்மா,
லூசி மைக்கேல்ராஜ்

லண்டன்
19-8-1987

அன்புள்ள அம்மா,

அந்த வளைவு கைத்தவறு அல்ல. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் புரதமே அங்கே வளைந்துதான் தெரிகிறது. நீங்கள் நிமிர்த்தியதைப் பார்த்துச் சாம் ஒரே சிரிப்பு. "அத்தை கையில குடுத்தா மூளையவே நேராக்கிடுவாங்க" என்கிறார்.

அதன் வெளிமுனையில் மணி கோத்ததுபோல் ஐந்து மடிப்புகள். அந்தப் பகுதியால்தான் ஒன்றை ஒன்று அடையாளம் காண்கிறது. எதிரில் உள்ள செல் எங்கே பிறந்தது என்று கேட்பதில்லை. அதன்மேல் நீளமான சர்க்கரைச் சங்கிலிகளும் உண்டு. சர்க்கரை ஒட்டும் என்றுதானே நினைப்போம்? இங்கே அது கூடினால் செல்கள் விலகி நிற்கின்றன. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த அப்பா இதை நம்பியிருக்கவே மாட்டார்.

சாமின் அம்மா கருணாபுரத்தில் தனியாக இருக்கிறார். உங்களுக்கு நடக்கும் தூரம். ஒருமுறை போய்ப் பாருங்களேன்.

அன்பு மகள்,
ஏஞ்சலின்

லண்டன்
4-10-1987

அம்மா,

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டிப் போட்டுச் சாலைகளை மறித்தார்கள் என்று படித்தோம். உங்கள் கடிதம் வந்துவிட்டது. "தபால் தாமதம். கருணாபுரத்தில் எனக்கு என்ன வேலை?" இரண்டே வரி. சாமின் அம்மாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இவர் தூங்குவதில்லை.

நீங்கள் இப்போதும் போகவில்லையென்றால், இனி உங்களுக்கு நான் என்ன எழுதுவது?

ஏஞ்சலின்

கள்ளக்குறிச்சி
21-10-1987

அன்புள்ள ஏஞ்சலின்,

போனேன். ஜெயம்மாள் நலம். அவளுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் பக்கத்து வீட்டுப் பெண், மறியலுக்கு முன் நைனார்பாளையம் போனவள் இன்னும் திரும்பவில்லை. கடிதம் வராததற்குக் காரணம் அவ்வளவுதான்.

வாசலில் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்ததில்லையே. "யாரு வூட்டுக்குங்க?" என்றாள். யார் என்று சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். "ஐயே, வெயில்ல நின்னுக்கினு இருக்கீங்களே" என்று பாய் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். என் கண்ணாடியைப் பார்த்து, "படிச்சவங்களா? எம் மவனுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கம்மா" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். "நான் நல்லாக்கீறேன். மருமவள கேட்டதா சொல்லு. சம்பந்தியம்மா இந்த ஊர்லதான கீறாங்க, நானே போய்ப் பாக்கலாம்னு இருந்தேன். யாரு நீன்னு கேட்டுட்டா இன்னா பண்றது?"

என் பேனா நின்றுவிட்டது.

"மை தீந்துபோச்சாம்மா?"

இல்லை என்று சொல்லி, எழுதி முடித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எழுந்து வந்துவிட்டேன். தெருமுனை வரை கூடவே வந்து வழி காட்டினாள், என் ஊரில் எனக்கு.

நீங்கள் அவளுக்குப் போடும் பதிலைப் படித்துக் காட்ட அங்கே ஆளில்லை. என் முகவரிக்கே அனுப்பு. நான் கொண்டுபோய்ப் படிக்கிறேன். அன்றைக்கு வந்து எழுதிக் கொடுத்தது யார் என்று அதில் எழுது. எழுதியிருந்தால் படித்துவிடுவேன்.

உன் அம்மா,
லூசி