நீ ஜாமீன் நின்ற வீடு

மிஸ்ஸி,

இன்று காலை அண்ணன் மகள் வசந்தா கிள்ளானிலிருந்து வந்தாள். வந்ததும் பின்பக்கம் போய்க் கை கழுவிவிட்டு உள்ளே நுழைந்தாள். அவளோடு உன் வாசனையும் நுழைந்தது. சிவப்புக் கார்பாலிக் சவர்க்காரம். நீ போன பிறகு அதை நான் வாங்குவதில்லை. குளியலறை மாடத்தில் ஒரு கட்டி மிச்சம் இருந்ததே எனக்குத் தெரியாது. பிரசவம் பார்த்துவிட்டு வந்து முழங்கை வரைக்கும் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாயே, அதே வாசனை. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "என்ன அத்தை, தலை சுத்துதா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். எழுபதை எட்டப் போகிறவள் சவர்க்கார வாசனைக்கு அழுகிறாள் என்றால் ஊர் சிரிக்காதா?

அவள் வந்த காரியம் கேட்டால் நீயே சிரிப்பாய். வீடு வாங்கப் போகிறாளாம். வங்கியில் கடன் கேட்டிருக்கிறாள். சம்பளத்தில் எத்தனை பங்கு தவணைக்குப் போகலாம், முன்பணம் எவ்வளவு வைத்திருக்க வேண்டும், புருஷன் பெண்சாதி இருவர் பேரிலும் எழுதினால் நல்லதா, வேலை மாறினால் கடன் கொடுப்பார்களா என்று கேள்விமேல் கேள்வி. "உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்னு அப்பா சொல்வாரு" என்றாள். தெரிந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, நானும் நீயும் ஜெராம் வழியாகக் கிள்ளானுக்குப் பேருந்தில் போன அந்த நாள்தான் கண்ணுக்குள் நின்றது. கடைசியில் வசந்தா இன்னொன்றும் கேட்டாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் அன்றைக்கு அறிவித்த அவசரகாலம் வராமலிருந்தால் நீ யாரோ, நான் யாரோ. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நீ தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் மிஸ்ஸி. பார்த்தால் தலையசைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். காட்டிலிருந்து கம்யூனிஸ்ட் ஆட்கள் வந்து அரிசி கேட்கிறார்கள் என்று சொல்லி, அங்கங்கே சிதறிக் கிடந்த லய வீடுகளையெல்லாம் பிரித்துக்கொண்டு வந்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். இடம் போதவில்லை. "கல்யாணமாகாத ரெண்டையும் ஒரே குவார்ட்டர்ஸ்ல போடு" என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி சொல்ல, நம்மை ஒன்றாகப் போட்டார்கள். முதல் வாரம் உன்னோடு நான் சரியாகப் பேசவே இல்லை. விடிவதற்கு முன்னால் ஞானப்பாட்டு பாடுகிறவளோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று எனக்கு ஒரே எரிச்சல். இப்போதோ, விடிவதற்கு முன்னால் விழித்துக்கொண்டு சும்மா படுத்துக் கிடக்கிறேன்.

கம்பிக்குள் இருந்த வாழ்க்கையை வசந்தாவுக்குச் சொன்னால் கதை என்கிறாள். ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது. கடையில் பால் டின் வாங்கினால் ஓட்டை போட்டுத்தான் தருவார்கள், காட்டுக்குள் சேர்த்துவைக்கக் கூடாது என்று. உன் பிரசவப் பையைத் தினமும் கவிழ்த்துக் கொட்டிச் சோதிப்பார்கள். நீ கோபப்பட மாட்டாய். "நல்லா பாத்துக்க தம்பி, உள்ளாற ஒரு பிள்ளை இருந்தாலும் இருக்கும்" என்பாய். காவலுக்கு நின்ற பையன் வெட்கப்பட்டு ஒதுங்குவான்.

ஆனால் கம்பியைவிட எனக்குப் பயம் தந்தது வேறு. அந்த வருடம் நம் ஆஸ்பத்திரி டிரசர் ஓய்வு பெற்றார். ஆயுசு முழுக்க அந்தத் தோட்டத்தில் மருந்து கொடுத்தவர். வேலை முடிந்த அதே வாரம் கட்டிலையும் அடுப்பையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். வேலை இருக்கும்வரை வீடு, அதுதான் தோட்டத்துக் கணக்கு. என் அண்ணனும் அதைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் வேறொரு தோட்டத்தில் கங்காணி. அங்கே ஆட்களை வேலை வாங்கும், பெண்சாதியை இழந்த ஒரு மண்டோருக்கு என்னைக் கட்டிவைக்க முடிவு செய்துவிட்டார். அந்த ஆளின் மூத்த மகனுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் மாட்டேன் என்றபோது அண்ணன் கத்தவில்லை. "நாளைக்கு வேலை போச்சுன்னா எங்கம்மா போவே? நீ இருக்கிறது தோட்டத்து வீடு" என்றார்.  அவர் போன பிறகு, அடுப்படியில் இருந்த நீதான் பேசினாய். "பூட்டு நம்ம கையில இருக்கணும் டீச்சர். நாம ஒரு வீடு வாங்குவோம்."

தோட்டத்தை அடுத்த புக்கிட் பெலிம்பிங் கம்பத்தில் ஒரு கிராணி தன் பலகை வீட்டை விற்றுவிட்டு நாகப்பட்டினத்துக்குத் திரும்பப் போவதாக நீதான் கேள்விப்பட்டு வந்தாய். இரண்டு அறை, தகரக் கூரை, பின்னால் ஒரு கிணறு. நம் இருவர் சேமிப்பும் முன்பணத்துக்குச் சரியாக இருந்தது. மிச்சத்துக்குக் கிள்ளானில் வீட்டுக்கடன் கொடுக்கும் ஓர் ஆபீஸ் இருந்தது. அங்கே என்ன கேட்பார்கள் என்று நமக்கு யார் சொல்வது? தோட்டத்தில் கடன் வாங்காத ஆளில்லை, ஆனால் வீட்டுக்குக் கடன் வாங்கிய ஆள் ஒருவரும் இல்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை அம்மா, வெறுங்கழுத்தோடு போனால் ஒரு வெள்ளி கடன்கூடக் கிடைக்காது என்று சொல்லித் தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டார்.

நாம் ஒத்திகை பார்த்தோமே, நினைவிருக்கிறதா? முக்காலியில் நீ ஆபீசர் மாதிரிக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாய். "அம்மா, உங்க வேலை நிரந்தரமா?" என்றாய். "பிள்ளைங்க பொறக்கிற வரைக்கும் பள்ளிக்கூடம் இருக்கும் சார்" என்றேன். "பிள்ளைங்க பொறக்குமா?" "அதை மிஸ்ஸியத்தான் கேக்கணும்." பக்கத்து வீட்டிலிருந்து சுவரைத் தட்டும்வரை சிரித்தோம். அப்படி ஒரு சிரிப்பை அதற்குப் பிறகு நான் நிறையச் சிரிக்கவில்லை.

ஆபீசில் கேள்வி கேட்டவர் கண்ணாடி போட்ட நடுவயதுத் தமிழர். தன்மையான மனிதர். முதல் கேள்வியே நாம் ஒத்திகை பார்க்காதது. "இப்ப இருக்கிற விலாசத்துல எவ்வளவு காலமா இருக்கீங்க?" ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் பேனா அப்படியே நின்றது. நீ முன்னால் சாய்ந்தாய். "நாங்க எங்கேயும் மாறல சார். வீட்டைத்தான் தூக்கிட்டுப் போயி கம்பிக்குள்ளாற வச்சுட்டாங்க. அதே தோட்டம், அதே துரை, அதே கிராணிதான் லா." அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். "நகை இருக்கேம்மா. அதையும் முன்பணத்துல சேர்த்தா கடன் கொறையுமே?" எனக்கு வேர்த்துவிட்டது. "அது இரவல் சார். நாங்க போனதும் திருப்பிக் குடுக்கணும்" என்று நீ போட்டு உடைத்தாய். காலையிலிருந்து சாப்பிடாத மயக்கம் வேறு. சோற்றை எடுத்துவர முடியாதே, வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்களே. வெட்கமும் பசியுமாக நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். கடன் கிடைக்கும், ஆனால் இருவர் பேரில் எழுத அவர்கள் விதியில் இடமில்லை. கடனும் வீடும் ஒருவர் பேரில்தான். மற்றவர் வேண்டுமானால் ஜாமீன் நிற்கலாம். "நல்லா யோசிச்சுக்குங்கம்மா. தவணை கட்டலன்னா ஜாமீன் போட்டவங்கதான் கட்டணும். ஆனா வீட்டுல அவங்களுக்குப் பங்கு கிடையாது. கடன் முடியற வரைக்கும் ரெண்டு பேரும் நிரந்தர வேலையில இருக்கணும். ஒருத்தர் வேலையை விட்டாலும் வேற ஜாமீன் கேப்போம்." அவர் முடிப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய். "டீச்சர் பேர்ல போடுங்க சார். நான் ஜாமீன்."

பேருந்தில் உன்னோடு சண்டை போட்டேன். ஜெராம் வரைக்கும் உன் முகத்தைப் பார்க்கவில்லை. "யாரைக் கேட்டுச் சொன்னே? அதுல பாதி உன் காசு." நீ ஜன்னலுக்கு வெளியே காய்ந்துகொண்டிருந்த கருவாட்டைப் பார்த்தபடி பேசினாய். "நான் கன்னியாஸ்திரி மடத்துல வளந்தவ. என்னைக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போக ஒரு ஆள் கிடையாது. உனக்கு இருக்காங்க. வீடு உன் பேர்லதான் இருக்கணும்." "நமக்குன்னு சொன்னியே?" என்றேன். "நமக்குத்தான். பேரு மட்டும் உன்னுது" என்றாய். அதற்குமேல் என்ன சண்டை போடுவது? இறங்கியதும் கோலசிலாங்கூர் கடையில் ஆளுக்கு இரண்டு தட்டு மீகோரெங் சாப்பிட்டோம்.

கடன் கிடைத்தது. குடிபோனோம். கடன் முடிந்ததும் நீ வேலையை விட்டுவிட்டுக் கம்பத்து ஜனங்களுக்கே பிரசவம் பார்க்கலாம் என்றுகூடப் பேசிக்கொண்டோம். அப்படிச் சந்தோஷமாக இருந்தது சில வாரம்தான். சின்னத் தோட்டங்களின் ஆஸ்பத்திரிகளை மூடிவிட்டு ஆட்களைப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மாற்றினார்கள். உன்னைத் தூரத்திலிருக்கும் பத்தாங் காலிப் பக்கம் போகச் சொன்னார்கள். போகாவிட்டால் வேலை இல்லை. "போகாதே. நான் சம்பாதிக்கிறேன், நீ வீட்டுல இரு" என்றேன். "வேலையை விட்டா ஜாமீன் போச்சு டீச்சர்." "வேற ஜாமீன் பாப்போம்." "யாரை? உங்க அண்ணனையா?" அண்ணன் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார், மண்டோருக்குச் சரி என்றால் எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன் என்று. மற்றவர்களெல்லாம் ஜாமீன் என்ற வார்த்தையைக் கேட்டதும் பின்வாங்கினார்கள். ஆக, நான் இந்த வீட்டில் இருக்க வேண்டுமானால் நீ இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றானது. நீ பெட்டியைக் கட்டினாய். நான் உதவி செய்யவில்லை. கிணற்றடியில் போய் நின்றுகொண்டேன்.

நீ போன கொஞ்ச நாளில் அண்ணன் வெற்றிலைத் தட்டோடும் மண்டோரோடும் வந்தார். "துணிமணிய எடுத்து வை, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.  நான் முக்காலியை இழுத்துப் போட்டேன். "எங்கண்ணா வர்றது? இது என் வீடு. உக்காருங்க, தேத்தண்ணி கலக்கிறேன்." அண்ணன் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். மண்டோர் தேநீரைக் குடித்துவிட்டு மரியாதையாகக் கிளம்பினார். தீபாவளிக்கு நீ வந்தபோது இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாய். "மண்டோர் மூஞ்சி எப்படி இருந்துச்சு? இன்னொரு தடவை சொல்லுடி." நீ பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டிய காட்சி அது. அந்த ஆதங்கம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் பேருந்து மாறி மாறி வருவாய். வழியெல்லாம் நிறுத்திச் சோதனை போடுவார்கள். சில தடவை வர முடியாமல் போகும். நான் முச்சந்தியில் கடைசி வண்டி வரைக்கும் நின்றுவிட்டுத் திரும்புவேன். உன் அறையைத் தினமும் பெருக்குவேன், அங்கே படுக்க மட்டும் மாட்டேன். அவசரகாலம் முடிந்துவிட்டது என்றார்கள். கம்பியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். ஊரே கொண்டாடியது. நம் கடன் முடியவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது, எனக்கு மட்டும் இன்னும் முடியவில்லை என்று?

கடைசித் தவணை கட்டிய மாதமே நீ வேலையை விட்டுவிட்டு வந்தாய். காதோரம் நரைத்திருந்தது. பெட்டியை வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போய், "என்ன குழம்பு?" என்றாய், நேற்றுத்தான் போனவள் மாதிரி. வீட்டுப் பத்திரத்தில் உன் பேரையும் சேர்க்கலாம் என்று எத்தனை தடவை கேட்டேன். "பேரை வச்சு என்ன செய்யிறது, கொழம்பா வைக்கிறது?" என்று ஒரே பதில்தான். அதற்குப் பிறகு நாம் சேர்ந்து இருந்த வருடங்கள் நிறைய. எனக்கு அவை போதவில்லை. போன வருடம், ஆஸ்பத்திரியில், நான் காப்பி வாங்கப் போன நேரத்தில் நீ கிளம்பிவிட்டாய்.

வசந்தா கேட்டது இதுதான். "இந்த வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடுங்க அத்தை. புது வீட்டுல உங்களுக்குன்னு ஒரு ரூம் வச்சிருக்கோம். இங்க தனியா எதுக்குக் கெடக்கிறீங்க?" நல்ல பெண். மனசார அழைக்கிறாள். விற்ற பணம் அவளுக்கும் உதவும், அதை அவள் வாயால் சொல்லவில்லை. 

"விக்கிறதுன்னா ஜாமீன் போட்டவங்களக் கேக்கணும்மா."

"கடன்தான் எப்பவோ முடிஞ்சிடுச்சே. மிஸ்ஸி அத்தையும் இல்லையே."

"அதான் எனக்கும் தெரியல, யாரைக் கேக்கிறதுன்னு."

 அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முன்பணத்துக்கு என் சேமிப்பிலிருந்து கொஞ்சம் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வீடு அப்படியே இருக்கட்டும், மிஸ்ஸி. எதைச் செய்வதானாலும் இன்னும் உன்னைத்தான் கேட்கிறேன். பதில் வராததுதான் எனக்கு இன்னும் பழகவில்லை.