சுகந்தினியின் வயிற்றில் இருப்பது

மூவார்,
ஞாயிறு காலை.

அன்பு மகன் லக்ஷ்மனுக்கு,

அம்மா சுகமாக இருக்கிறேன். அந்தக் குளிரில் உனக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இந்த வீட்டில் சுகமில்லாமல் இருப்பவள் உன் மனைவி, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கடைசி வரி வரை படித்துவிட்டுப் பிறகு தொலைபேசியை எடு, நடுவில் எடுக்காதே. தபாலில் போனால் காலம் கடந்துவிடும் என்பதால், மருந்துக்கடை ஷைமாவிடம் கொடுத்துப் பக்கங்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். பிறர் கடிதத்தை வாசிக்கிற பெண் இல்லை அவள்.

வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய பொட்டலம் வந்தது. ஒரு சோடி சின்னக் கம்பளிக் காலுறை, ஒரு தொப்பி. அதைப் பார்த்த பிறகுதான் உனக்கு எவர் என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. லக்ஷ்மன், சுகந்தினி கர்ப்பமாக இல்லை. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. அவள் வயிற்றில் இருப்பது கட்டி.

நடந்ததைச் சொல்கிறேன். இந்த வருடமும் அவள் கந்தசஷ்டி விரதம் பிடித்தாள். பாலும் பழமும்கூட வேண்டாம், தீர்த்தம் மட்டும் போதும் என்றாள். பிள்ளை கேட்டுப் பிடிக்கிற விரதத்தை நான் எப்படித் தடுப்பது? ஆனால் அவள் எனக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. மாதத்தில் பாதி நாள் அவளுக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது, ஒன்றிரண்டு வருடமாகவே. வீட்டு விலக்கு என்று வாயைத் திறந்தால் கோயிலுக்குப் போக முடியாது, விரதம் முறிந்துவிடும், பிள்ளையும் இல்லாமல் போய்விடும் என்று அவள் கணக்கு. அதனால் வாயை மூடிக்கொண்டு ஆறு நாளும் கோயிலில் நின்றாள். சூரசம்ஹாரத்தன்று கூட்டத்தின் நடுவே விழுந்தாள். அரக்கு நிறச் சேலை கட்டியிருந்தாள், அதனால் பார்த்தவர்கள் எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அலமாக்! வயிறு தெரியுதே, முருகன் குடுத்துட்டாரு லா, என்று ஒருத்தி கூவினாள். அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் அவள் நெற்றியில் திருநீறு பூசினார்கள். உன் அத்தை பிரேமலா என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணி, இனி நீங்க அப்பம்மா, என்று அழுதாள். நான் கையை உதறிவிட்டு ஷைமாவின் காரைக் கூப்பிட்டேன். நாங்கள் மருத்துவமனை வாசலில் இறங்குவதற்குள் பிரேமலா உனக்குச் செய்தி சொல்லிவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது.

அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தம் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது, உடனே ஏற்றினார்கள். ஒரு பெண் டாக்டர் தாளில் கருப்பையைப் படம் வரைந்து எனக்குச் சொன்னார். கான்வென்டில் மதர்மார் உடம்பின் ஒவ்வோர் எலும்புக்கும் எங்களுக்குப் பெயர் சொல்லிக்கொடுத்தார்கள், இந்த உறுப்பின் பெயரை மட்டும் சொன்னதில்லை. இந்த வயதில் படித்துக்கொண்டேன், நீயும் படித்துக்கொள். ஃபைப்ராய்ட் என்பது கருப்பையின் தசையிலேயே வளர்கிற கட்டி. புற்றுநோய் இல்லை, அப்படி இருப்பது மிக மிக அபூர்வமாம். எத்தனையோ பெண்களுக்கு இருக்கும், பல பேருக்கு ஒரு தொந்தரவும் தராது. சுகந்தினிக்குப் பல கட்டிகள். ஒன்று கருப்பையின் உள்ளே தள்ளிக்கொண்டு நிற்கிறது, இரத்தம் அப்படிப் போவது அதனால்தான். பிள்ளை தங்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார், நிச்சயமாகச் சொல்லவில்லை. இன்னொன்று சின்னத் தேங்காய் அளவு. கோயிலில் எல்லாரும் பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்தத் தேங்காயைத்தான். இது எவர் செய்த பாவமும் இல்லை, சாப்பாட்டில் வந்ததும் இல்லை, அவள் பிறந்த வீட்டைக் குறை சொல்லவும் ஒருவருக்கும் உரிமை இல்லை.

மாத்திரையும் ஊசியும் இரத்தத்தைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கும், கட்டியையும் சற்றுச் சுருக்கும், நிறுத்தினால் திரும்ப வரும். அவளுக்கு அது போதாதாம். கட்டிகளை மட்டும் எடுத்துவிட்டுக் கருப்பையைத் தைத்து வைக்கப் பார்ப்போம் என்கிறார்கள். ஆனால் வெட்டும்போது இரத்தம் நிற்காவிட்டால் கருப்பையையே எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற வேண்டும், அதற்கு அவள் முன்கூட்டியே கையெழுத்துப் போட வேண்டும். போன வாரம் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. பேனாவைக் கையில் வாங்கி, பிறகு மேசையில் வைத்துவிட்டாள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். உனக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள், நானும் நம்பிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, அம்மா, அவளைப் பத்திரமா பாத்துக்கொள்ளுங்கோ, என்றாய். பார்த்துக்கொள்கிறேன், நீ தைரியமாக இரு, என்றேன். நீ சிரித்தாய். பெண்டாட்டி இப்படிக் கிடக்கும்போது சிரிக்கிற பிள்ளையையா பெற்றேன் என்று அன்று முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன்.

பொட்டலம் வந்த பிறகு அவளை எதிரில் உட்கார வைத்துக் கேட்டேன். இரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது நீ கூப்பிட்டாயாம். பேரன் வந்தால் அப்பாவின் பெயர்தான் என்று சொல்லி நீ அழுதாயாம். அவள் பேசாமல் இருந்ததை வெட்கம் என்று எடுத்துக்கொண்டாயாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: மாமி, பதினாலு வருஷத்தில அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் கேட்டதில்லை, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். உன்னுடைய அந்தச் சந்தோஷத்தைக் காவல் காத்துக்கொண்டுதான் அவள் கையெழுத்துப் போடாமல் இருக்கிறாள். இரத்தம் இன்னும் நிற்கவில்லை. முகம் காகிதம் மாதிரி இருக்கிறது. இரண்டு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரும்பு மாத்திரையைக்கூடத் தேத்தண்ணியோடு விழுங்கிக்கொண்டிருந்தாள், அப்படிக் குடித்தால் உடம்பில் சேராது என்று ஷைமா சொன்ன பிறகு தோடம்பழச் சாறு கொடுக்கிறேன். ஆனால் உள்ளே போவதைவிட வெளியே போவது அதிகம்.

அதனால் அவள் முடிக்க மாட்டேன் என்ற அந்தச் சந்தோஷத்தை நான் முடித்து வைக்கிறேன். உனக்கு வலிக்கும், தெரியும். எனக்கும் ஒரு பேரப்பிள்ளை வேண்டும் என்றுதான் இருந்தது, இனி அதைப் பேச மாட்டேன். முதலில் கதவை மூடிக்கொண்டு அழுதுவிடு. அழுது முடித்த குரலோடு அவளைக் கூப்பிடு. பரவாயில்லை என்று சொல்லாதே, அப்படிச் சொல்லிவிடக்கூடிய காரியம் இல்லை இது. தத்து எடுக்கலாம் என்று அதே மூச்சில் சொல்லாதே. ஏன் மறைத்தாய் என்று கேட்காதே. கருப்பை இருந்தாலும் போனாலும் எனக்கு நீ வேண்டும், கையெழுத்துப் போடு, என்று உன் வாயால் சொல். நான் சொல்லிப் பார்த்தாயிற்று, மாமியார் சொல்வது அவள் காதில் வேறு மாதிரி விழுகிறது. லீவு கேட்டுக்கொண்டு புறப்படு. தரமாட்டோம் என்றால் மறுபடி கேள். பிரேமலாவைத் திட்டி எழுதாதே, அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முருகன் உன்னையும் அவளையும் கைவிட மாட்டார். இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கு ஒருவராக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். வியாழக்கிழமை காலை மருத்துவமனையில் மறுபடியும் கையெழுத்துக் கேட்பார்கள், மறந்துவிடாதே.

பொட்டலத்தை முதலில் பிரித்தவள் அவள்தான். காலுறை இரண்டையும் துவைத்துப் பின்கட்டுக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருக்கிறாள். நேற்றே காய்ந்துவிட்டது, அவளும் எடுக்கவில்லை, எனக்கும் கை போகவில்லை. மழை இருட்டிக்கொண்டு வருகிறது. சீக்கிரம் கூப்பிடு.

உன் அம்மா,
அன்னலட்சுமி தியாகராஜா